பிரட்டுக்களத்து டிரெசரும் கைப்பேசி டாக்டரும்

பொழுது விடிவதற்கு முன்பே, வேலையாட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடத் தொடங்கிவிடுவார். உடம்புக்கு முடியாதவர்கள் மட்டும் விலகி, தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போவார்கள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், பாட்டிலில் கலக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பார். எத்தனை வேளை குடிப்பது என்பதைப் பாட்டிலின் மேல் ஒட்டிய காகிதப் பட்டை காட்டும். மலேசியாவின் தைப்பிங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களுக்கு வாய்த்த மருத்துவம் இதுதான்.

தைப்பிங் நகரத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1880-களிலேயே மருத்துவமனை இருந்தது. ஆனால் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வர வண்டி வேண்டும், ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலிருந்து மலேரியா கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுபோன காலம் அது. சாகிறவர்கள் கூடினால் வேலைக்கு ஆள் இருக்காது என்ற கணக்கும் சேர்ந்துதான் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கொண்டுவந்தது. தொழிலாளர் சட்டங்களும் மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாட்களில் எல்லாம் டிரெசர்தான். டிரெசர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே 1965-இல் வந்தது.

டிரெசர் நம் மொழி பேசினார், வீட்டு நிலவரம் அறிந்திருந்தார், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தார். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். ஒருவர் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பது அவர் சொல்லில் இருந்தது; யாருக்கு என்ன நோய் என்பது தோட்ட நிர்வாகியான துரையின் காதுக்கும் போனது. அதனால் வலியை வெளியே சொல்லாமல் ரப்பர் பால் வாளியைத் தூக்கிய பெண்கள் ஏராளம்.

இன்று பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தைப்பிங்கை அடுத்த கமுந்திங் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ரப்பர் கையுறை செய்யும் ஆலைகளும் உண்டு. காய்ச்சல் என்றால் ஆலை ஏற்பாடு செய்த பேனல் கிளினிக், எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்று. 2020 மார்ச்சில் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் அந்த வரிசையில் கைப்பேசியும் சேர்ந்தது. தொலைமருத்துவத்துக்கு மலேசியா 1997-லேயே சட்டம் இயற்றியிருந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருந்தது. நோய்த்தொற்றுதான் மக்களை டாக்டரோடு திரையில் பேசப் பழக்கியது. டாக்டர்ஆன்கால், நலூரி போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் முதலாளிகளின் வழியாகவும் ஊழியர்களை எட்டின. மனம் சோர்ந்தவர்களுக்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் 2022 முதல் இருக்கிறது.

தொலைமருத்துவத்தின் பயன் எங்கே கூடுதல் என்றால், இனிப்பு நீர் வியாதியில்தான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அது அதிகம். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கம் கெட்ட கண்ணோடு கிளினிக்கில் காத்திருக்க முடியாதவர், வீட்டில் எடுத்த சர்க்கரை அளவை டாக்டருக்குக் காட்டி, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று பத்து நிமிடத்தில் கேட்டுக்கொள்ளலாம். எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். பூட்ஸுக்குள் மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேமராவால் தொட்டுப் பார்க்க முடியாது. கால் புண்ணுக்கும் நெஞ்சு வலிக்கும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

அன்று இருந்த கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது: இந்த மருத்துவம் தொழிலாளிக்கா, வேலைக்கா? தொலைமருத்துவச் செயலிக்குக் கட்டணம் கட்டுவது முதலாளி. யாருக்கு மனச்சோர்வு, யாருக்குச் சர்க்கரை என்ற பட்டியல் மனிதவளப் பிரிவின் மேசைக்குப் போனால், துரையின் இடத்தில் கணினி உட்கார்ந்துவிட்டது என்றுதான் பொருள். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களைத் தனிக் கவனத்துக்குரியவை என்கிறது. தொழிலாளியின் வெளிப்படையான சம்மதமின்றி அவற்றைக் கையாள முடியாது என்பதே பொது விதி. இந்த விதியை, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் புரியும்படி, தொழிற்சாலை வாசலில் தமிழிலும் மலாயிலும் நேப்பாளியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

தோட்ட லயங்களையும் சுரங்கங்களையும் மனதில் வைத்து 1990-இல் வந்த தங்குமிட வசதிச் சட்டத்தை, 2020-இல் எல்லாத் துறை விடுதிகளுக்கும் விரித்தார்கள். அது போலவே தொலைமருத்துவத்துக்கும் குறைந்தபட்ச வரையறை தேவை. வேலை நேரத்திலேயே கூலி பிடிக்காமல் டாக்டரோடு பேச அவகாசம், கதவு சாத்திய ஓர் அறை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கூட ஒரு தாதி, தொழிலாளியின் மொழி அறிந்த டாக்டர். கமுந்திங் ஆலைகளுக்கு இது பெரிய செலவல்ல. தோட்டத்தில் நம் பாட்டிமார் மறைத்த வலியை, ஆலையில் பேத்தி பயமில்லாமல் டாக்டரிடம் சொல்லும் நிலை வந்தால்தான் முன்னேறியிருக்கிறோம் என்று சொல்லலாம்.