சுவரும் பானையும்: பொதுப்புத்தி உருவாகும் விதம்



விளம்பரம் பொருளை விற்கிறது என்பது பாதி உண்மை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் கடந்துபோக வேண்டும் என்றும் அது நம்மைப் பழக்குகிறது. அந்தப் பழக்கமே, பிறகு நாம் செய்தி படிக்கும்போதும் வாக்களிக்கும்போதும் பொதுப்புத்தியாக வேலை செய்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நாம் இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு சிமெண்ட் மூட்டை போதும்.

சிமெண்டின் தரத்தை வாங்குகிறவர் கடையில் நின்று சோதித்துப் பார்க்க முடியாது. எல்லா மூட்டையும் 50 கிலோ, எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அப்படியிருக்க ஒரு நிறுவனம் தன்னை எப்படித் தனித்துக் காட்டும்? பிம்பத்தால்தான். யானை, பயில்வான், கோட்டை, மூன்று தலைமுறையும் சிரித்தபடி நிற்கும் மாடி வீடு. நெடுஞ்சாலை ஓரத்துச் சுவர்களில் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இன்னொரு பக்கம் கொத்தனார்களைக் கூட்டிப் பரிசு கொடுத்து, அவர் வாய்ச்சொல் வழியாகவும் விற்கிறார்கள். அரசின் டான்செம் நிறுவனமும் 2021 நவம்பரில் வந்த தன் புதிய சிமெண்டுக்கு ‘வலிமை’ என்றே பெயர் வைத்தது.

வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டுகிறவரின் பயமே இங்கே முதலீடு. குடிசையிலிருந்து மெத்தை வீட்டுக்கு வரும் நம் குடும்பங்களுக்கு வீடு என்பது வெறும் கூரை அல்ல, தலைமுறைகளாக மறுக்கப்பட்ட மரியாதை. அந்த ஏக்கம் நியாயமானது. நியாயமான ஏக்கமாக இருப்பதால்தான் விளம்பரம் அதை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் கடன் வாங்க வைப்பதும் அதே பிடிதான்.

அந்தப் படத்தில் இல்லாதது எது? அரியலூர். சுண்ணாம்புக்கல் நிறைந்த இந்த மண்ணில் 1979 முதல் அரசு சிமெண்ட் ஆலை இயங்குகிறது. சுற்றிலும் தனியார் ஆலைகள் பல. தோண்டிய பள்ளங்கள், இரவும் பகலும் ஓடும் லாரிகள், இலைமேல் படியும் புழுதி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேலைக்காகப் போராடுகிறவர்கள். இவற்றில் ஒன்றுகூட எந்த சிமெண்ட் விளம்பரத்திலும் வருவதில்லை. வீடு மட்டும் வருகிறது. அந்த வீட்டுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழுவதே இல்லை.

அம்புஜா சிமெண்டின் புகழ்பெற்ற விளம்பரம் ஒன்று உண்டு. சண்டை போட்ட அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். சமாதானமான பிறகு இடிக்கப் பார்த்தால் சுவர் அசைய மறுக்கிறது. நாடே சிரித்தது. ஆனால் சுவர் என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில், அப்பகுதி மக்கள் தீண்டாமைச் சுவர் என்று சொன்ன சுவர் 2019 டிசம்பர் 2 அன்று இடிந்து விழுந்து 17 தலித்துகளைக் கொன்றது. உடையாத சுவரை வேடிக்கையாகப் பார்க்க முடிவதே, சுவரின் எந்தப் பக்கத்தில் பிறந்தோம் என்பதைப் பொறுத்தது.

மனிதர்கள் உலகத்தை நேரடியாகப் பார்த்து முடிவெடுப்பதில்லை, தம் தலைக்குள் இருக்கும் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்று வால்டர் லிப்மன் 1922இல் விளக்கினார். அந்தப் படத்தை வரையும் இன்னொரு கை செய்தி. 2019 ஏப்ரல் 18, சிதம்பரம் தொகுதியில் வாக்குப்பதிவு நாள். தொல். திருமாவளவனின் சின்னம் பானை. அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தெருவில் பானை உடைக்கப்பட்டது. தொடர்ந்து தலித் குடியிருப்பில் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. இத்தகைய நிகழ்வுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் தலைப்பு ‘இருதரப்பினர் மோதல்’. இந்த இரண்டு சொற்களில் தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் சமமாகிவிடுகிறார்கள். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குக் கூட்டம் போனது என்பது மறைந்துவிடுகிறது. சிமெண்ட் விளம்பரம் சுரங்கத்தை மறைப்பதும் இந்தத் தலைப்பு சேரியை மறைப்பதும் ஒரே வேலைதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியது அதனால்தான். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, பணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட திலகரின் ‘கேசரி’ மறுத்தது. சந்தையில் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்கிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஆகவே மாணவர்களிடம் நாம் வைப்பது ஒரு சிறிய வேலை. ஒரு மாதம், உங்கள் ஊர்ச் சுவர்களிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களையும் தலித்துகள் பற்றிய தலைப்புகளையும் சேகரியுங்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குப் பணம் கொடுத்தது யார்? என்னுடைய எந்தப் பயத்தை, எந்த ஆசையை இது தொடுகிறது? படத்துக்கு வெளியே நிற்கிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கான பதிலை அந்த மக்களிடமே போய்க் கேட்டு எழுதுங்கள். அவற்றை நம் இதழில் அச்சிடுவோம்.