கோழிக்குஞ்சுகளுக்கு முற்றமும் கூடும் சித்தப்படுத்தல்

தாய்க்கோழி ஒன்று பத்துக் குஞ்சுகளுடன் அடையைவிட்டு இறங்கினால், ஒரு மாதத்திற்குள் மூன்று நான்கே மிஞ்சுவது பல வீடுகளில் சகஜமாயிருக்கிறது. வீட்டுப் பெண்டிரின் கைச்செலவுக்கு ஆதாரமான இவ்வருமானம் இவ்வாறு நஷ்டமாவதற்கு விதியை நோவதில் பயனில்லை. குஞ்சு பொரித்த பிறகு இடந்தேடுவதே பெரும்பாலும் காரணம். முட்டைகளை அடைவைத்த நாள் முதல் குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகின்றன. அதற்குள் வேலை யாவும் முடிந்துவிட வேண்டும்.

முற்றத்திற்கு மழைஜலம் தேங்காத மேட்டு நிலமே ஏற்றது. பெரிய கோழிகள் நெடுநாள் கிளறித் திரிந்த இடத்தை அப்படியே குஞ்சுகளுக்கு விடலாகாது. இரத்தக்கழிச்சல் வியாதியின் கிருமி அவற்றின் எச்சத்தின் வழியாய் மண்ணில் சேர்ந்து, ஈரமுள்ள வரையில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். ஆகையால் மேல்மண்ணை நாலங்குலம் சுரண்டி எருக்குழியில் சேர்த்துவிட்டு, புதிய மணலைப் பரப்பி நன்றாய் வெயிலில் காயவிடுதல் அவசியம். சமையலறைக் கழிவுநீர் அப்பக்கம் ஓடாதபடி வாய்க்காலைத் திருப்ப வேண்டும். ஒரு மூலையில் அவரைப்பந்தல் போட்டால் நிழலும் கிடைக்கும், பருந்தின் கண்ணுக்கும் மறைவாகும். சிலர் பருந்துக்கு அஞ்சிக் குஞ்சுகளுக்குச் சாயம் பூசுகின்றனர். அதைக் காட்டிலும் பந்தலும் பழைய மீன்வலையும் நம்பத்தக்கவை.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் உள்ளே தாக்காது. தரை மண்ணாயிருப்பின் பெருச்சாளி வளை தோண்டும். செங்கல் அல்லது கற்பலகை பாவிச் சுண்ணாம்புச் சாந்தால் சந்தடைப்பது நலம். கம்பிவலையின் கண் அரையங்குலத்திற்கு மேற்படலாகாது. தலை நுழைந்தால் கீரியின் உடலும் நுழைந்துவிடும். சுவர்களுக்குச் சுண்ணாம்படித்து, மூங்கில் பிளவுகளில் ஒளிந்திருக்கும் செள்ளைக் கொதிநீர் ஊற்றி ஒழிக்க வேண்டும். தரைமேல் உலர்ந்த நெல்லுமியை இரண்டங்குலம் பரப்பித் தினமும் கிளறிவிடுக. பூஞ்சணம் பிடித்த கடலைத்தோல் எவ்வளவு மலிவாய்க் கிடைப்பினும் கூடாது. நான்கு வாரம் வரையில் குஞ்சு ஒன்றுக்கு அரைச் சதுர அடி இடம் போதும். குளிருக்குப் பயந்து சாக்கினால் கூட்டை முழுதும் மூடுவோர் உண்டு. காற்றோட்டமின்றி உள்ளே நெடியேறிய கூடு குளிரைவிடக் கொடியது.

தாயில்லாத குஞ்சுகளுக்கு உஷ்ணம் நாமே தரவேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைவு என்பது கணக்கு. உஷ்ணமானி இல்லாதவர் குஞ்சுகளையே பார்த்தறியலாம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் சூடு போதாது. வாய் திறந்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு மிகுதி. தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாயிருக்க வேண்டும். கூழாங்கற்கள் இட்டு வைத்தால் குஞ்சு முழுகாது.

குருணையுடன் கறையானும் சிறந்த ஆகாரம். பழம்பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் வேண்டியமட்டும் கிடைக்கும்.

கூடு எவ்வளவு சீராயிருப்பினும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. இந்நாட்டில் 1927-ம் வருஷம் ராணிக்கேத்தில் காணப்பட்டு அவ்வூர்ப் பெயர் பெற்ற இவ்வியாதிக்குச் சிகிச்சை இல்லை, தடுப்பு மருந்தே உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் ஊசியும் கால்நடை மருத்துவரைக் கொண்டு போடுவிக்க வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்த பிறகே முற்றத்தில் விடலாம். ஊரில் கோழிகள் கூட்டமாய் மடியத் தொடங்கினால், கிராம அதிகாரிகள் அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் அனுப்புவதுடன், நோயுற்றவற்றை அவசரமாய்ச் சந்தைக்கு ஓட்டாதபடியும், இறந்தவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.