பகலில் விளக்குக்குத் திரை ஏன்?

கோடியக்கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம் இருக்கிறது. இத்தகைய விளக்கங்களில் பகல் வேளையில் லென்ஸைச் சுற்றித் திரை போடுவது பழைய வழக்கம். இரவில் எரியும் விளக்குக்குப் பகலில் என்ன ஆபத்து?

விளக்கு லென்ஸின் குவியத்தில் இருப்பதால், அதன் ஒளி இணைகற்றையாக நெடுந்தொலைவு செல்கிறது. ஒளி தான் சென்ற பாதையிலேயே திரும்பியும் வரும் என்று படித்திருப்பீர்கள். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்களும் இணைகதிர்களே. காலையில் கடலிலிருந்து எழும் சூரியனின் கதிர்கள் லென்ஸில் விழுந்தால் எங்கே குவியும்? விளக்கின் மீதோ, அதன் அருகிலோதான்! உருப்பெருக்கிக் கண்ணாடியால் காகிதம் கருகுவதுபோல, விளக்கின் பாகங்கள் கெட்டுவிடும்.

இன்றைய சில கார்களிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றில் வேகத்தைக் காட்டும் எண்கள், சாலையின் மேல் மிதப்பதுபோல் முன்கண்ணாடியில் தெரியும். ஓட்டுநர் தலை குனிய வேண்டியதில்லை. இந்த அமைப்பை ‘ஹெட்-அப் டிஸ்ப்ளே’ என்பர். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு திரையும் குழியாடியும் உள்ளன. திரை, ஆடியின் குவியத்துக்குச் சற்று உட்புறம் இருப்பதால் எண்கள் பெரிதாகவும் தொலைவிலும் தோன்றுகின்றன. ஆனால் உள்ளே நுழையும் வெயிலையும் அதே ஆடி திரையின் பக்கமே குவிக்கிறது. திரை சூடேறிப் பழுதாகலாம்.

தடுப்பது எப்படி? வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். எண்களைப் பார்க்க அவை தேவையில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் எதிரொளித்து, அகச்சிவப்பை ஊடுருவ விட்டுவிடும் ‘குளிர் ஆடி’யைப் பொருத்துகின்றனர். வண்டி நின்றதும் ஆடியைச் சாய்த்து, வெயில் வேறிடத்தில் விழும்படி செய்வதும் உண்டு. கலங்கரை விளக்கத்தில் திரை செய்த வேலையும் இதுதானே?

உங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் சன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள்!