இரட்டை 'ஹாட்'

ஆங்கிலம் எழுதுகையில் ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டால், கைப்பிழை என்றெண்ணி ஒன்றை அடித்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அவ்வாறு அடித்தேன். அதன் பயனை அனுபவித்தவர் வேறொருவர்.

கல்லூரி நாட்களில், உடன் பயின்ற நண்பர் ஒருவரின் கட்டணச் சலுகை விண்ணப்பத்தை நான் படியெடுத்துக் கொடுத்தேன். தமக்கு 2 ஏக்கர் நன்செய் இருந்ததாக அவருடைய தந்தையார் தாசில்தாரிடம் கூறியிருந்தார். கடனுக்காக அதனை விற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 'ஹி ஸ்டேட்டட் தட் ஹி ஹாட் ஹாட் டூ ஏக்கர்ஸ்' என்று நண்பர் சரியாகவே எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அவரினும் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. ஒரு 'ஹாட்'டை நீக்கிவிட்டேன். நிலமுடையவர் மகனுக்குச் சலுகை எதற்கு என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

ஒற்றை 'ஹாட்' நின்றால், கூறிய அந்நாளில் நிலம் அவர் கையில் இருந்தது என்று பொருள்படும். இரண்டும் நின்றால், அதற்கு முன்பே கைவிட்டுப் போயிற்று என்பது பெறப்படும். 'இருப்பதாகக் கூறினார்', 'இருந்ததாகக் கூறினார்' என்னும் வேறுபாடே இது. நம் வினைச்சொல் தனக்குள்ளேயே காட்டும் காலத்தை ஆங்கிலம் ஒரு துணைவினையை முன்னே நிறுத்திக் காட்டுகிறது. முதல் 'ஹாட்' அத்துணைவினை. அடுத்தது உடைமையைக் குறிக்கும் வினை. 'ஹி ஹாட் ஸோல்ட்' என்று எழுத எவரும் தயங்குவதில்லை. 'ஸோல்ட்' நின்ற இடத்தில் இங்கே 'ஹாட்' நிற்கிறது, அவ்வளவே.

'ஐ நோ தட் தட் பாய் இஸ் ஆனஸ்ட்' என்பதும் இவ்வகையினதே. முதலாவது நம் 'என்று', இரண்டாவது 'அந்த'. முதலாவதை விடுவதற்கு இலக்கணம் இடந்தருகிறது. ஆனால் படிப்பவர் 'அந்தப் பையனை அறிவேன்' என்று கொண்டு, பாதி வழியில் தடுமாறுவார். ஆதலின் நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன். இடையில் காற்புள்ளி மட்டும் கூடாது.

ஆங்கிலேயர் பேசும்பொழுது முதற்சொல்லை மெலித்து விழுங்கி, அடுத்ததை அழுத்திச் சொல்வர். செவிக்கு அவை இருவேறு சொற்கள், தாளில்தான் இரட்டையர். (பதினொரு 'ஹாட்'களை வரிசையாக நிறுத்தும் புதிர் வாக்கியமொன்று உண்டு. அது விளையாட்டு, தேர்வில் வேண்டாம்.)

கண்ணை உறுத்தினால், அடிக்காமல் வாக்கியத்தை மாற்றுங்கள். 'ஹி ஹாட் ஒன்ஸ் ஓன்ட் டூ ஏக்கர்ஸ்' என்றால் ஐயமே எழாது. இரண்டாம் விண்ணப்பத்தில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம், சலுகை கிடைத்தது. அதற்குள் முதற்பருவக் கட்டணத்திற்காக நண்பருடைய தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.