குறட்டை: சத்தம் நின்றால் போதுமா?



"ஊரே தூங்குது, எங்க வீட்டுல மட்டும் நெல்லு மெஷின் ஓடுது" என்று குறட்டையைக் கேலி செய்கிறோம். குறட்டை விடுகிறவர் அயர்ந்து தூங்குகிறார் என்றும் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

குறட்டை ஏன் வருகிறது?

வாயின் மேற்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். முன்பக்கம் கெட்டியாக இருக்கும். பின்பக்கம் மெத்தென்ற சதை. இதுவே மெல்லண்ணம். இதன் முனையில் உள்நாக்கு தொங்குகிறது. தூக்கத்தில் இவை தளர்ந்து, மூச்சு போகும் வழி குறுகும். அப்போது கொடியில் காயும் துணி காற்றில் அடிப்பது போலச் சதை படபடக்கும். அந்தச் சத்தமே குறட்டை. உடல் பருமன், மது, புகை, மூக்கடைப்பு, மல்லாந்து படுத்தல் ஆகியவை இதை அதிகமாக்கும்.

எது ஆபத்து?

"அவருக்குக் குறட்டை நின்னு நின்னு வருது சிஸ்டர். நின்னா அப்பாடான்னு இருக்கு" என்பார் சிலர். அங்கேதான் கவனம் வேண்டும். வழி முழுதும் அடைத்து, 10 விநாடிக்கு மேல் மூச்சே நின்று, பிறகு திணறி மூச்சு வாங்கினால் அது தூக்க மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். பகலில் தூக்கம் சொக்கும். வண்டி ஓட்டும்போது கண் மூடும். இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும்.

தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவரே சாட்சி. பெண்களுக்கும் இந்நோய் உண்டு. மாதவிலக்கு நின்றபின் அதிகம். கர்ப்ப காலத்தில் புதிதாகக் குறட்டை வந்தால், கணவர் அதைக் கவனித்துச் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

அறுவை இல்லாத சிகிச்சை உண்டா?

உண்டு. மெல்லண்ணத்தை ஊசி மருந்தால் மரத்துப் போகச் செய்து, ஊசி போன்ற கருவியைச் சதைக்குள் செலுத்தி, ரேடியோ அலையால் சூடேற்றுவார்கள். சில வாரங்களில் உள்சதை இறுகி, படபடப்பு குறையும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சில நாள் தொண்டை வலிக்கும். இரண்டு மூன்று தடவை செய்யவேண்டி வரலாம். எல்லோருக்கும் பலிக்காது, நாளடைவில் குறட்டை திரும்பவும் கூடும்.

முக்கியமாக ஒன்று: இது மூச்சுத்தடை இல்லாத வெறும் குறட்டைக்கான சிகிச்சை. மூச்சுத்தடை உள்ளவருக்குச் சத்தம் குறைந்தாலும் மூச்சு நிற்பது தொடரலாம். நாய் குரைப்பதை நிறுத்திவிட்டால் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா?

ஆகவே முதலில் தூக்கப் பரிசோதனை. இரவில் தூங்கும்போது மூச்சு, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கருவி குறித்துக்கொள்ளும். மூச்சுத்தடை மிகுந்திருந்தால், மூக்கில் மாட்டும் காற்றழுத்தக் கருவியே முதன்மைச் சிகிச்சை. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதிலும் கத்தி இல்லை. ஆனால் தினமும் மாட்டினால்தான் பலன்.

இன்றே செய்யுங்கள்

1. ஒருக்களித்துப் படுங்கள்.
2. உடல் எடையைக் குறையுங்கள்.
3. மது, புகையை விடுங்கள்.
4. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.
5. மூச்சு நிற்பதைக் கண்டால், இருவரும் சேர்ந்தே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கண்டவர் சொல்வதே மருத்துவருக்கு முதல் துப்பு.

குறட்டை கேட்டுச் சிரிக்காதீர். மூச்சு நிற்கிறதா பாரீர்!