முள் சொன்ன பொய்

பெட்ரோல் நிரப்பிய மறுநாளே எங்கள் பழைய அம்பாசிடரின் முள் 'காலி' என்றது. பழி ஓட்டுநர் அண்ணன்மீது விழுந்தது. வண்டியை அசைத்தால் தொட்டி தளும்பியது. அப்பாவோ முள்ளைத்தான் நம்பினார்.

தொட்டிக்குள் மிதவை ஏறி இறங்க, மின்தடை மாறும். அதற்கேற்ப முள் நகரும். வெப்பமானி முள்ளும் சேர்ந்து பிசகினால், இரண்டுக்கும் பொதுவான மின்வழியைச் சந்தேகிக்கலாம். எங்களுக்கோ பிசகியது ஒன்றுதான். சாவியை அணைத்து, மிதவையிலிருந்து வரும் வயரைக் கழற்றி, வண்டியின் இரும்புடம்பில் இறுக்கிய பின்பே சாவியைத் திருப்பினேன். (பெட்ரோலருகே பொறி பறக்கலாகாது!) முள் நிறைவைத் தொட்டது. வேறுவகை மானிகள் சிலவற்றில் இது தலைகீழாகும் என்பதையும் நண்பர்கள் நினைவிற் கொள்க. ஆக, மானியும் வயரும் நலம். மிதவைப் பகுதியின் எர்த் இணைப்பில்தான் துரு! உப்புத்தாளால் தேய்த்து வயரை மீண்டும் பூட்டியதும் முள் ஒழுங்காக ஏறி நின்றது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஓட்டுநர் வீட்டுக்குச் சைக்கிளை எடுத்தார்.