பயந்தாலும் பார்க்கத் தோன்றுவது ஏன்?

2011-ல் 'காஞ்சனா' வந்தபோது திருவதிகையிலிருந்து நாங்கள் ஐந்தாறு பெண்கள் பண்ருட்டி டவுனுக்குப் போய்ப் பார்த்தோம். பாதிப் படம் முந்தானைக்குள்ளேயே! வெளியே வந்ததும் ஒரே சிரிப்பு. "இன்னொரு தடவை வரலாமாடி?" என்றாள், அதிகம் அலறியவள். உங்களுக்கும் இப்படித்தானே?

பேயைக் கண்டதும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் இது வெறும் திரை, பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்று மனசுக்குத் தெரியும். ஆபத்தில்லை என்றானதும் அந்தப் படபடப்பே குஷியாக மாறிவிடுகிறது. ராட்டினம் ஏறி இறங்கும் சுகம்தான். ராகவா லாரன்ஸின் பயத்தோடு கோவை சரளாவின் கலாட்டாவையும் கலந்தார்களே, அது சாமர்த்தியம்.

என் நாலு வயசுப் பையனையும் அன்று கூட்டிப் போனதுதான் தப்பு. திரை வேறு, நிஜம் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த வயசுக்குத் தெரியாதே! ஒரு வாரம் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து அழுவான். "பேயெல்லாம் கிடையாது, தூங்குடா" என்று அதட்டியதில் பயனில்லை. மடியில் போட்டுக்கொண்டு, பேய்க்கு மையும் பவுடரும் பூசிவிட்ட மேக்கப்காரரைப் பற்றிக் கதையாகச் சொன்னேன்.

மறுநாள் என் மை டப்பாவைக் காணோம். முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான், என்னைப் பயமுறுத்த!